ஜில்லு டர்னிங்

மார்கழி பிறந்து ஐந்தாறு நாள் ஆகியிருக்கும். சாயங்காலம் மாமா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். எதிரே மலை. அடி அண்ணாமலையில் எந்தத் திண்ணையில் உட்கார்ந்தாலும் எதிரே மலைதான். மாமாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மலையையே பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று கேட்டார்.

"மாப்ள, என்னை ஒரு தபா காஞ்சிவரம் ரோட்டுல கூட்டிகினு போறியா? பகல்ல."

எனக்குப் புரியவில்லை. மாமா 26 வருஷம் லாரி ஓட்டியவர். திருவண்ணாமலையில் கிளம்பி களம்பூரில் அரிசி ஏற்றி, ஆரணி, செய்யாறு, காஞ்சிபுரம் வழியாக சென்னை. அவருக்குத் தெரியாத ரோடா?

"அந்த ரோடு உங்களுக்கு அத்துபடியாச்சே மாமா."

"அத்துபடிதான். ஆனா நான் அதைப் பாத்ததில்லயே! எல்லாம் ராத்திரி லோடு. பகல்ல மெட்ராசுக்குள்ள லாரிய விடமாட்டான். விடியறதுக்குள்ள இறக்கணும். திரும்பி வர்றப்ப வேற லோடு, திண்டிவனம், செஞ்சின்னு வேற ரோடு. ஹெட்லைட்டு எவ்ளோ தூரம் அடிக்குமோ அவ்ளோதான் எனக்கு அந்த ரோடு. ரெண்டு பக்கமும் என்னா கீதுன்னு எனக்குத் தெரியாது."

இருபத்தாறு வருஷம் போன ரோட்டைப் பார்த்ததில்லை என்று ஒருவர் சொல்லும்போது மறுபேச்சு ஏது? மறுவாரமே கிளம்பிவிட்டோம். என் பழைய மாருதி வேன், இரண்டு நாள் பயணம், அத்தை கட்டிக்கொடுத்த புளிசோறு, ஒரு டப்பா வறுத்த மல்லாட்டை. வேர்க்கடலை என்று எழுதினால் எங்கள் பக்கத்தில் யாருக்கும் நாக்கு ஊறாது. மணிலாக் கொட்டை எங்கள் வாயில் மல்லாட்டை ஆகிப் பல தலைமுறை ஆகிவிட்டது.

கிளம்பும் முன்பு மாமா ஒரு விஷயம் சொன்னார். அதுதான் இந்தப் பயணத்தின் வரைபடம். ராத்திரியில் ஊர்ப் பெயர்ப் பலகையெல்லாம் படிக்க முடியாது. அதனால் காதுக்கும் மூக்குக்கும் தோலுக்கும் தெரிந்ததை வைத்து அவராகவே இடங்களுக்குப் பெயர் வைத்திருந்தார். தவளைப் பாலம். அவியல் மேடு. பேய்ப்பனை. யானை. கடைசியாக, காஞ்சிபுரத்துக்கு முன்னால் ஒரு ஜில்லு டர்னிங்.

"அங்க வந்தா மூஞ்சில சில்லுனு ஒரு காத்து அடிக்கும் மாப்ள. சித்திரை மாசத்துலகூட அடிக்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு அந்தக் காத்துதான் என்னை எழுப்பி விடும். எத்தினியோ நாளு என் உசுர காப்பாத்தின எடம் அது. என்னா எடம்னு மட்டும் தெரியாது."

விடியற்காலை நாலரைக்கு வண்டியை எடுத்தபோது பனி அப்படி இறங்கியிருந்தது. கிரிவலப் பாதையில் இருபது அடிக்கு அப்பால் எதுவும் இல்லை. தலைக்கு மப்ளர் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு நடந்துபோன நாலைந்து பேர் மட்டும் பனிக்குள்ளிருந்து வந்து பனிக்குள்ளேயே போனார்கள். மாணிக்கவாசகர் கோயிலில் விளக்கு எரிந்தது. திருவெம்பாவையின் 20 பாட்டையும் அவர் இங்கே இருந்துதான் பாடினார் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. அதனால் மார்கழியில் எங்களுக்கு ஒரு தனிப் பெருமிதம் உண்டு. கடல் தாண்டி பாங்காக் அரண்மனைப் பிராமணர்கள் 'திரியம்பாவாய்' என்று ஒரு சடங்கு நடத்துகிறார்கள். அந்தப் பெயருக்குள் இருப்பது இந்தத் திருவெம்பாவைதான். எங்கள் தெருவில் ஒலிக்கிற பாட்டு அவ்வளவு தூரம் பயணம் போயிருக்கிறது என்பதை நினைத்தால் ஒவ்வொரு வருஷமும் எனக்குச் சிலிர்க்கும்.

கோயில் வாசலில் தொன்னையில் சுடச்சுட வெண்பொங்கல் வாங்கிச் சாப்பிட்டோம். மாமா பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். வண்டி நகர்ந்ததும் அவர் வலது கால் தானாக முன்னால் போய் இல்லாத பிரேக்கை மிதித்தது. அடுத்த இரண்டு நாளும் அந்தக் கால் ஓயவில்லை.

காஞ்சி ரோட்டைப் பிடித்து புதுப்பாளையம், கடலாடி பக்கமாகப் போனோம். இந்தக் காஞ்சி எங்கள் பக்கத்துக் கிராமம். பட்டுக் காஞ்சி இல்லை. வெளுக்க ஆரம்பித்தபோது இடது பக்கம் பர்வதமலை பாதி மட்டும் தெரிந்தது. அடிவாரம் பனிக்குள் இருக்க, மேல்பாதி ஆகாயத்தில் தொங்குகிற மாதிரி. 4,500 அடிக்கு மேல் உயரம். மார்கழி முதல் தேதி அதைச் சுற்றி ஜனங்கள் வலம் வந்து ஓய்ந்திருந்தார்கள். வழியெல்லாம் அன்னதானப் பந்தல் கழிகள் இன்னும் நின்றன.

இந்த மலையைத்தான் மலைபடுகடாம் நவிரமலை என்று சொல்கிறது என்பார்கள். செங்கம் பக்கத்தை ஆண்ட நன்னனைத் தேடிப் போகும் கூத்தர்களுக்குப் பெருங்கௌசிகனார் வழி சொல்லும் பாட்டு அது, 583 அடி. ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய வழிகாட்டி என்று அதைச் சொன்னால் மிகையில்லை. எங்கே பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், எங்கே தினைக்காவல்காரர்கள் விடும் கவண்கல் வந்து விழும், எங்கே பாறை வழுக்கும், எந்தப் பக்கம் பாம்பு இருக்கும் என்று ஒவ்வொன்றாக எச்சரித்துக்கொண்டே போகும். நான் இதை மாமாவிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"பின்ன? வண்டி மாத்திக் குடுக்கறப்ப நாங்களும் அதான் சொல்லுவோம். அந்த எடத்துல பள்ளம், இந்த எடத்துல மாடு படுத்துருக்கும், அந்தக் கடையில சாப்புடாத."

அந்தப் பாட்டு சொல்கிற சேயாறுதான் இன்றைய செய்யாறு. ஜவ்வாது மலையில் பிறந்து, செங்கம் தாண்டி, கலசபாக்கம் தொட்டு, செய்யாறு நகரத்தின் ஓரமாகப் போய், கடைசியில் திருமுக்கூடலில் பாலாற்றோடு சேர்கிறது. நாங்கள் போன ரோடும் ஏறக்குறைய அந்த ஆற்றின் விரலைப் பிடித்துக்கொண்டே போகிறது. கிளம்பும்போது நான் அப்படித் திட்டம் போடவில்லை. கலசபாக்கத்துப் பாலத்தில் வண்டியை நிறுத்தியபோதுதான் உறைத்தது.

ஏனென்றால் அந்தப் பாலம்தான் மாமாவின் தவளைப் பாலம்.

"இங்கதான், இங்கதான்!" என்று இறங்கினார். "ஐப்பசி கார்த்திகையில இஞ்சின் சத்தத்தையும் மீறிக் கத்தும். காது அடைச்சிக்கும். நான் ஏதோ சின்ன ஓடைன்னு நெனச்சேன். இவ்ளோ பெரிய ஆறா இது?"

அகலமான மணல். நடுவில் இரண்டு மூன்று பிரிவாகத் தண்ணீர், ஒவ்வொன்றும் கணுக்கால் அளவு. வாலாட்டிக் குருவிகள் ஓரத்தில் ஓடி ஓடி எதையோ கொத்தின. குளிர்காலம் கழிக்க வடக்கே எங்கிருந்தோ வந்த விருந்தாளிகள். தை மாதம் ரதசப்தமி அன்று எங்கள் அண்ணாமலையாரே திருவண்ணாமலையிலிருந்து இந்த ஆற்றுக்குத் தீர்த்தவாரிக்கு வருவார். தை 5ஆம் தேதி தென்பெண்ணைக்கு, மணலூர்பேட்டைக்கு ஒரு பயணம், ரதசப்தமிக்குக் கலசபாக்கம். அதற்கு முன்னால் மாட்டுப் பொங்கலன்று அம்மனோடு ஊடல். கோபித்துக்கொண்டு தனியே கிரிவலம் போய்விட்டு மறுநாள் வீடு திரும்புவது வேறு. தை பிறந்தால் சாமிக்கும் வீட்டில் இருப்புக் கொள்ளாது. மழை ஓய்ந்து, அறுவடை முடிந்து, ஆற்றில் தண்ணீரும் இருக்கிற ஒரே காலம் அதுதான். சாமி புறப்பாட்டுக்கு அந்த நாளைக் குறித்தவர்கள் ஊரின் தட்பவெப்பத்தை நன்றாக அறிந்தவர்கள்.

போளூர் வரை கரும்பு டிராக்டர்கள். ஒன்றைக் கடப்பதற்குள் இன்னொன்று. அதற்கு மேல் சொல்ல அங்கே எதுவும் இல்லை.

வடமாதிமங்கலத்தில் ரோட்டை விட்டுத் திரும்பினால் திருமலை. அங்கே போக வேண்டும் என்று சொன்னவன் நான். மாமாவின் ரோட்டில் அது இல்லை. ஒரு குன்று, அடியில் ஒரு கிராமம், கோபுரம், குன்றின் மேலே குடைவுகள், பழைய ஓவியங்கள். மேலே ஏறினால் பாறையிலேயே செதுக்கிய நேமிநாதர், 16 அடி உயரம். தமிழ்நாட்டில் இதைவிடப் பெரிய சமணச் சிலை இல்லை என்பார்கள். மாமா முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறினார். சிலை முன்னால் வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார். காலை வெயில் சிலையின் ஒரு தோளில் மட்டும் விழுந்திருந்தது. கல்லில் உளி போன தடங்கள்கூடத் தெரிந்தன. ஆபரேஷனுக்கு முன்பு அவருக்கு எல்லாமே பழுப்புத் துணி வழியாகப் பார்ப்பது மாதிரி இருந்ததாம். "வெயில் மஞ்சளா இருக்கும்னு மறந்தே போச்சு மாப்ள" என்றார். அப்புறம் ரொம்ப நேரம் பேசவில்லை.

இந்தக் குன்றின் கீழே ராஜராஜ சோழனின் அக்கா குந்தவை கட்டுவித்த ஜினாலயம் இருக்கிறது. இங்கேயுள்ள பாறைக் கல்வெட்டு ஒன்று சரித்திரப் புத்தகங்களில் புகழ்பெற்றது. ராஜேந்திர சோழனின் படை எங்கெங்கே போனது என்று அது வரிசையாகச் சொல்கிறது: வனவாசி, கொள்ளிப்பாக்கை, ஈழம், ஒட்ட தேசம், கோசலம், தண்டபுத்தி, மழை நிற்காத வங்காளம், கடைசியில் கங்கை. வங்காளத்து கோவிந்தசந்திரன் யானையிலிருந்து இறங்கி ஓடினான் என்பதும், மகிபாலனைத் துரத்தியதும் அதில் உண்டு. ஏறக்குறைய 1,000 வருஷத்துக்கு முன் வடநாட்டுச் சமவெளி முழுக்க நடந்துவிட்டு வந்த கதை, வடாற்காட்டுச் சமவெளியில் ஒரு குன்றில் வெட்டியிருக்கிறது.

ஆனால் அந்தக் கல்வெட்டு எதற்காக வெட்டப்பட்டது என்பதைத்தான் நான் மாமாவுக்குச் சொல்ல விரும்பினேன். போர் வெற்றியைக் கொண்டாட இல்லை. சாமுண்டப்பை என்று ஒரு வணிகரின் மனைவி, குந்தவை ஜினாலயத்தில் ஒரு நந்தா விளக்கு எரியவும் அமுதுபடிக்கும் பணம் கொடுத்தாள். அதைப் பதிவு செய்யத்தான் கல்வெட்டு. எந்த ராஜாவின் காலத்தில் என்று சொல்ல வேண்டுமே, அதற்காக அந்த ராஜாவின் மெய்க்கீர்த்தி முழுதும் முன்னால் வருகிறது. கங்கை வரைக்கும் போய்விட்டு, கடைசியில் ஒரு விளக்கில் வந்து நிற்கிறது.

மாமா கேட்டார்: "அப்ப அந்த அம்மா ராத்திரியில வழி தெரியட்டும்னு லைட்டு போட்டுருக்குது. அதானே?"

கோயில் விளக்குக்கு அப்படி ஒரு அர்த்தம் உண்டா என்று நான் யோசித்ததில்லை. ஆனால் இருட்டிலேயே வாழ்நாளைக் கழித்த ஒருவர் கேட்கும்போது, வேறு எந்த அர்த்தமும் எனக்குத் தோன்றவில்லை.

கீழே ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டோம். நயினார் குடும்பம். தமிழ்ச் சமணர்கள் இந்தப் பக்கமெல்லாம் இருக்கிறார்கள். வேட்டியும் ஏரும் நெல்லுமாக நம்மைப் போலவே இருப்பார்கள். பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடமாட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். விளக்கொளியில் சாப்பிட்டால் பூச்சி விழுந்து சாகும் என்கிற கருணை. வீட்டுப் பெரியவர் மாமாவிடம் என்ன தொழில் என்று கேட்டார். ராத்திரி லாரி என்றதும், "அப்ப நாங்க சாப்புட்டுப் படுத்தப்புறம்தான் நீங்க சாப்புட உக்காந்திருப்பீங்க" என்று சிரித்தார். மாமா அந்த வார்த்தையை வண்டியில் இரண்டு முறை சொல்லிச் சொல்லிப் பார்த்தார்.

களம்பூர் வருவதற்கு முன்பே அவியல் மேடு வந்துவிட்டது. நெல் அவிக்கும் வாசனை. ஈரமும் உமியும் புகையும் கலந்து, பசிக்கிறதா வயிறு நிறைந்திருக்கிறதா என்று குழப்புகிற வாசனை அது. இது ஒன்றுதான் மாமாவுக்குப் பகலிலும் தெரிந்த இடம். அங்கேதான் லோடு ஏற்றுவார்கள். ஆனால் அங்கேயும் அரிசி ஆலைகளின் களத்தை அவர் நல்ல வெயிலில் பார்த்ததில்லை. அவித்த நெல்லைக் களம் முழுக்கப் பரப்பி, இரண்டு பெண்கள் வெறுங்காலால் உழுதுகொண்டு போனார்கள். ஆமாம், காலால்தான். பாதத்தைத் தூக்காமல் இழுத்து இழுத்து நடந்தால் நெல்லில் வரிவரியாகச் சால் விழும். ஈரம் மேலே வரும். திரும்பி வரும்போது பழைய சாலுக்கு நடுவில் புதிய சால். கோலம் போடுகிற கணக்கு. மாமா களத்து ஓரத்தில் நின்று பார்த்தார். "நான் தூக்கின ஒவ்வொரு மூட்டைக்கும் பின்னால இந்தக் கால் இருந்துருக்குது" என்றார்.

அன்றைக்கு ராத்திரி ஆரணியில் அத்தையின் தங்கை வீடு. பட்டுத்தறிக் குடும்பம். கமண்டல நாகநதியிலிருந்து வருகிற குளிரில் போர்வை போதவில்லை. குழித்தறிக்காரர்களுக்கு மழைக்காலம் முழுதும் கஷ்டம்; குழியில் ஈரம் ஊறும், பாவு கனக்கும். மார்கழி பிறந்தால்தான் தறிச்சத்தம் சீராகும். காலையில் அந்தச் சத்தத்தில்தான் விழித்தோம்.

ஆரணியில் 1751 டிசம்பர் 3 அன்று ஒரு சண்டை நடந்தது. ராபர்ட் கிளைவ் ஒரு பக்கம், சந்தா சாகிபின் மகன் ராசா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும் மறுபக்கம். எட்டு வருஷம் கழித்து 1760 ஜனவரி 22 அன்று, இங்கிருந்து அதிகத் தூரமில்லாத வந்தவாசியில் இன்னொன்று. ஆங்கிலேயரின் அயர் கூட்டும் பிரெஞ்சுக்காரர்களின் லாலியும் மோதினார்கள். பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி பிடிபட்டார். மறு வருஷமே புதுச்சேரி விழுந்தது. லாலியைப் பின்னால் பாரிசில் தலையை வெட்டினார்கள். இந்தியாவை ஆளப்போவது பிரான்ஸ் இல்லை, இங்கிலாந்துதான் என்று முடிவான இடம் இந்தப் புழுதிச் சமவெளி. வந்தவாசிச் சண்டை பருவமழை முடிந்த கையோடு நடந்திருக்கிறது. வண்டல் பூமி இறுகினால்தானே பீரங்கி வண்டி நகரும்? மாமா இதை உடனே ஒப்புக்கொண்டார். மழைக்காலத்தில் செய்யாற்றுக்கு அந்தப் பக்கம் லோடு வண்டி இறங்கினால் எடுக்க டிராக்டர் வேண்டும் என்றார்.

இரண்டாம் நாள் சேத்துப்பட்டு வழியாகச் சுற்றிப் போனோம். நெடுங்குணத்தில் ராமர் கையில் வில்லும் அம்பும் இல்லை; யோகத்தில் அமர்ந்திருக்கிறார், எதிரே அனுமார் ஏட்டைப் படித்துக்கொண்டிருக்கிறார். போரெல்லாம் ஓய்ந்த பிறகு உட்கார்ந்த ராமர் மாதிரி. எனக்கு ரொம்பப் பிடித்த கோயில். ஆனால் அன்றைக்கு நடை சாத்திவிட்டார்கள், பிரகாரத்தோடு திரும்பினோம்.

அதைத் தாண்டிய ஒரு திருப்பத்தில் மாமாவின் யானை வந்தது. வந்தவாசியில் பாய் லோடு ஏற்றும் நாட்களில் இந்த வழியாகவும் வருவாராம். ஹெட்லைட் பட்டதும் ரோட்டோரத்தில் ஒரு யானை நிற்கும், நெற்றி வெளுத்துத் தெரியும், ஒவ்வொரு முறையும் ஒரு கணம் நெஞ்சு நின்று போகும். பகலில் பார்த்தால் அது வெறும் பாறை. யானை மாதிரிகூட இல்லை. மேலே நாலு வெள்ளாடு. பக்கத்தில் யாரோ கொள்ளுச் செடியை ரோட்டில் பரப்பியிருந்தார்கள், வண்டிகள் ஏறி உதிரட்டும் என்று. மாமா ரொம்ப நேரம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். யானை எந்தப் பக்கத்திலிருந்தும் கிடைக்கவில்லை. அவர் முகம் வாடியதை நான் பார்த்தேன். வண்டியில் ஏறியதும் மல்லாட்டை டப்பாவை அவர் பக்கம் நகர்த்தினேன்.

தேசூருக்குப் பக்கத்தில் சீயமங்கலம். மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த கோயில். அவனுடைய பட்டப் பெயரால் அவனிபாஜன பல்லவேச்சுரம். முகப்புத் தூணில் ஒரு சிறிய சிற்பம்: சிவன் ஆடுகிறார். தமிழ்நாட்டில் கல்லில் செதுக்கிய ஆடவல்லானில் மிகப் பழையது இதுதான் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். கைக்கு எட்டுகிற அளவுதான். சோழர் காலத்துச் செப்புத்திருமேனியின் கம்பீரம் இதில் இல்லை. முதல்முதலாக ஒரு அடி எடுத்துவைத்துப் பார்க்கிற கூச்சம் இருக்கிறது. அதனாலேயே எனக்கு இது பெரியது. கோயிலில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருமில்லை. வெளியே ஏரி நிறைந்து தளும்பியது. நத்தைகுத்தி நாரைகள் வரிசையாக நின்றன, மூக்கு மூடியும் மூடாமலும்.

இந்தச் சமவெளியை யாரும் பார்க்க வருவதில்லை என்பது என் நீண்ட நாள் வருத்தம். லட்சக்கணக்கான பேர் அண்ணாமலைக்கு வருகிறார்கள். 14 கிலோமீட்டர் சுற்றுகிறார்கள், பஸ் ஏறிக் கண்ணயர்ந்துவிடுகிறார்கள். மலைக்கும் சென்னைக்கும் நடுவில் இருப்பது அவர்களுக்குத் தூரம். தூங்கிக் கழிக்க வேண்டிய தூரம். பார்க்காத நிலத்தைக் காலி நிலம் என்று நினைப்பது ரொம்பச் சுலபம். 2023இல் செய்யாறு பக்கம் மேல்மா சிப்காட் தொழிற்பேட்டை விரிவாக்கத்துக்கு நிலம் எடுக்கக் கிளம்பியபோது விவசாயிகள் மாதக்கணக்கில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். அவர்களில் 7 பேர் மேல் குண்டர் சட்டம் போடப்பட்டு, எதிர்ப்பு எழுந்த பிறகு 6 பேர் மேல் விலக்கிக்கொள்ளப்பட்டது. தொழிற்சாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் ஊர்ப் பையன்கள் பலர் அங்கேதான் வேலைக்குப் போகிறார்கள். ஆனால் மூன்று போகம் விளைகிற ஏரிப்பாசன நிலத்தை வரைபடத்தில் பார்த்து வெறும் கட்டம் என்று நினைப்பவர்கள், ஒரு மார்கழியில் ஒரு தடவை இந்த ரோட்டில் மெதுவாக வர வேண்டும் என்று மனசார விரும்புகிறேன்.

வந்தவாசியில் கோரைப்பாய் ஒன்று வாங்கினோம், அத்தைக்கு. செய்யாற்றுக்கு முன்னால் பேய்ப்பனை வந்தது. ஏரிக்கரை நெடுக நாற்பது ஐம்பது பனை. ராத்திரியில் ஓலை உரசுகிற சத்தம் யாரோ கூட்டமாகக் கிசுகிசுக்கிற மாதிரி கேட்குமாம். மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டு வேகமாகக் கடப்பாராம். செய்யாறு நகரம்தான் திருவோத்தூர். ஆண்பனையைச் சம்பந்தர் குலை ஈனப் பாடிய தலம். பனை அங்கே சாமி. இதைச் சொன்னதும் மாமா கரையைத் திரும்பிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மாங்கால் கூட்ரோடு தாண்டியதும் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். மணி மாலை நாலரை. "மெதுவா போ, மெதுவா." கண்ணாடியை இறக்கச் சொன்னார். ஒரு திருப்பம். இன்னொன்று. கையை வெளியே நீட்டினார். "வரல." கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தோம். பகல் வெயிலில் காற்று சூடாகத்தான் இருந்தது. மாமா ரோட்டையும் கிலோமீட்டர் கல்லையும் மாறி மாறிப் பார்த்தார். "இங்கதான் இருக்கணும். இந்த எறக்கம், இந்த வளைவு. இங்கதான்." குரல் கம்மியது. யானை போனமாதிரி இதுவும் போய்விடுமோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

டீக்கடையில் கேட்டேன், இங்கே பக்கத்தில் என்ன இருக்கிறது என்று. கடைக்காரர் தலையைத் திருப்பாமலே கையைக் காட்டினார். "ஏரி."

தூசி மாமண்டூர் ஏரி. உள்ளே திரும்பி, குன்றின் ஓரமாகப் போய்க் கரை ஏறினோம். கரை ஏறிய பிறகு நாங்கள் இரண்டு பேருமே ஒன்றும் பேசவில்லை. அது ஏரி மாதிரியே இல்லை. எதிர்க்கரை ஒரு மெல்லிய கோடு. நடுவில் முழுக்க ஆகாயம்.

பக்கத்துக் குன்றில் மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரைகள் நாலு இருக்கின்றன. அவனுடைய மத்தவிலாசம் என்ற நாடகத்தைக் குறிப்பிடும் கல்வெட்டு இங்கேதான் இருக்கிறது. ஏரியும் அவன் பெயரோடு சேர்ந்தது. சித்திரமேகத் தடாகம் என்று பழைய பெயர். ஏன் சித்திர மேகம் என்று அன்றைக்கு யாரும் எங்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. பாலாற்றுக் கால்வாயில் வரும் தண்ணீரும் மழையும் சேர்ந்து நிறைந்தால், கீழே எத்தனையோ ஊர்களுக்கு நெல். அந்த நெல் ஏதோ ஒரு களத்துக்குப் போகும். யாரோ ஒரு அம்மா காலால் உழுவாள். மூட்டையாகி லாரி ஏறும். ராத்திரி இரண்டு மணிக்கு அந்த லாரி இதே ஏரியின் ஓரமாக வரும்.

"மாப்ள" என்றார் மாமா. "ஒரு வருஷம் இங்க ஜில்லுனு இல்ல. வெறும் அனல் அடிச்சிது. தூக்கம் வந்துடுமோன்னு பயந்துகினே ஓட்டினேன். அந்த வருஷம் லோடும் கம்மி. ரெண்டும் ஒண்ணுன்னு எனக்கு அப்ப தோணல."

எந்த வருஷம் என்று கேட்டேன். சென்னை வெள்ளத்துக்கு அடுத்த வருஷம் என்றார். 2016. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் பொய்த்த வருஷம். அதற்கு முந்தின டிசம்பரில் ஊரே மூழ்கியது. அடுத்த வருஷம் ஏரிகள் பாளம் பாளமாக வெடித்தன. செய்தித்தாளில் நாம் படித்ததை மாமா ஜன்னல் வழியாக முகத்தில் படித்திருக்கிறார்.

அப்போதே கிளம்பியிருந்தால் ராத்திரி சாப்பாட்டுக்கு ஊருக்குள் வந்திருக்கலாம். டாக்டரும் இருட்டில் அலைய வேண்டாம் என்று சொல்லியிருந்தார். மாமா கரையில் புதுப் பாயை விரித்து உட்கார்ந்துவிட்டார்.

"இருட்டட்டும்."

வாத்துகள் கூட்டமாக இறங்கின. குன்று முதலில் கறுத்தது, அப்புறம் தண்ணீர், கடைசியாக ஆகாயம். தூரத்து ரோட்டில் ஒவ்வொன்றாக லாரி வெளிச்சம் வந்து, வளைவில் நம் பக்கம் ஒரு கணம் திரும்பி, போனது. ஏழு மணிக்கு மேல் தண்ணீர் மேலிருந்து காற்று கிளம்பியது. பாயின் ஓரம் படபடத்தது. மாமா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு முகத்தைக் கொஞ்சம் தூக்கினார், ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருப்பவர் மாதிரி.

"ம்" என்றார். "இதான்."